தெரு பார்க்கும் சுவர்

இங்கிலாந்தில் வீடு வாங்கும் நம்மவர்கள், சாவி கைக்கு வந்த கையோடு எதை இடிப்பது, எதைக் கட்டுவது என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படியேற முடியாத அம்மாவுக்குக் கீழே ஓர் அறை வேண்டும். நாலு குடும்பம் கூடினால் சமைத்துப் பரிமாறக்கூடிய குசினி வேண்டும். சாமியறை வேண்டும், பிள்ளைகள் படிக்க ஓர் ஒதுக்குப்புறம் வேண்டும். நூறு வருடத்துக்கு முன் வேறொரு வாழ்க்கை முறைக்கென்று கட்டிய வீடு நமக்கு அப்படியே பொருந்திவிடாது.

ஆனால் அந்த வீடு ‘கொன்சர்வேஷன் ஏரியா’வுக்குள், அதாவது பழைமை காக்கும் பகுதிக்குள், இருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்களின் முகம் மாறிவிடுகிறது. சிலர், ஓர் ஆணிகூட அடிக்க முடியாதாம் என்று சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர், ஆருக்குத் தெரியப் போகுது என்று ஒரு வார இறுதியில் வேலையை முடித்துவிடப் பார்க்கிறார்கள். கவுன்சில் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் இரண்டு வகையினரும் உண்டு. பயந்தவரும் சட்டத்தைப் படிக்கவில்லை, துணிந்தவரும் படிக்கவில்லை. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இரண்டு பேருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கேளுங்கள். வேலை தொடங்குமுன் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள், மறுத்தால் ஏன் என்றும் கேளுங்கள். கேட்பதில் ஒரு தாழ்வும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் வரலாறு தெரிந்தால் அதன் மீதுள்ள எரிச்சல் பாதி குறையும். லண்டனில் வீட்டு யன்னலுக்குச் சட்டம் போடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் நகரமே எரிந்தது. அதன் பயம் தீராமல் 1709இல் ஒரு சட்டம் வந்தது. மர யன்னல்களைச் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டி வைக்கக் கூடாது, நாலு அங்குலம் உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றார்கள். லண்டனின் பழைய வீடுகளில் யன்னல்கள் சுவருக்குள் பதுங்கி, செங்கல்லின் விளிம்பில் ஒரு நிழற்கோடு விழுகிறதே, அந்த அழகுக்குப் பின்னால் இருப்பது தீயைக் கண்ட ஒரு நகரத்தின் எச்சரிக்கை.

பிறகு 1947இன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். 1948 யூலை 1இல் அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து நிலம் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அதில் புதிதாகக் கட்டுவதற்கு ஊராட்சியின் சம்மதம் வேண்டும் என்றாயிற்று. பழைமை காக்கும் பகுதி என்ற எண்ணம் அதற்கும் பிந்தியது. ஐம்பது, அறுபதுகளில் இந்த நாடு தன் பழைய தெருக்களை வேகவேகமாக இடித்துத் தள்ளியது. யூஸ்டன் ரயில் நிலையத்தின் வாசலில் 1837இலிருந்து நின்ற பெரிய கல்வளைவை, எத்தனையோ பேர் மன்றாடியும் கேளாமல், 1961இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இழப்பு பலரின் மனதை உறுத்தியது. டங்கன் சாண்டிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது 1967இல் சட்டமாகி, அதே ஆண்டில் லிங்கன்ஷயரிலுள்ள ஸ்டாம்ஃபோர்ட் நகரம் முதலாவது பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்றைக்கு இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் பகுதிகள்.

அரண்மனை, தேவாலயம் போன்றவற்றைத் தனித்தனியே பட்டியலிட்டுக் காப்பது வேறு ஏற்பாடு. இது காப்பது ஒரு வரிசையை: வீடுகள் அடுத்தடுத்து நிற்கும் ஒழுங்கு, இரண்டு வீட்டுக்கு நடுவே வானம் தெரியும் இடைவெளி, புகைபோக்கிகள், முன்மதில், மரங்கள். உங்கள் வீட்டைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு விசேஷமும் இல்லாமல் இருக்கலாம். வரிசையில் ஒன்று என்பதுதான் அதன் விசேஷம்.

பணக்காரப் பேட்டைகளுக்குத்தான் இந்த மரியாதை என்று நினைக்க வேண்டாம். தென் லண்டனில் டூட்டிங் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். அப்பர் டூட்டிங் ரோட்டில் அம்மன் கோயில் இருக்கிறது, முருங்கைக்காயும் கருவேப்பிலையும் விற்கும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைவீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் டொட்டர்டவுன் ஃபீல்ட்ஸ். அன்றைய லண்டன் கவுண்டி கவுன்சில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று சிறு வீடுகளாகக் கட்டிய முதலாவது குடியிருப்பு அது. 1903இல் முதல் குடும்பங்கள் வந்தன. அதே ஆண்டில் மின்சார ட்ராம் டூட்டிங் வரை ஓடத் தொடங்கியது, அதனால்தான் நகர நடுவில் வேலை செய்தவர் இவ்வளவு தள்ளி வந்து குடியிருக்க முடிந்தது. 1911 வரை கட்டிக்கொண்டே போய் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். ஏழைக்கு வீடு என்றால் பெட்டி பெட்டியாய் அடுக்கினால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. முகட்டின் உயரத்தை மாற்றினார்கள், சில வீடுகளை முன்னே இழுத்தார்கள், முகப்பில் முக்கோணக் கூரைகளை ஏற்றினார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் சிறு தோட்டம் விட்டார்கள். இப்போது அது காக்கப்படும் பகுதி. கூலித் தொழிலாளிக்கும் அழகான தெரு வேண்டும் என்று ஒரு நகரசபை நூற்றிருபது ஆண்டுக்கு முன் எடுத்த முடிவு அங்கே நிற்கிறது. அதைக் காப்பதை நான் மதிக்கிறேன்.

இனி சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? இங்கே எழுதுவது இங்கிலாந்தின் விதிகள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வேறுபடும். பட்டியலில் தனியே சேராத வீடென்றால், உள்ளே நீங்கள் செய்யும் வேலைக்குப் பிளானிங் அனுமதி வேண்டியதில்லை. குசினியை மாற்றலாம், சுவரை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்கலாம். (சுவரை எடுத்தால் கூரை தாங்குமா என்று பார்க்கும் கட்டட ஒழுங்குவிதிகள் தனியே உண்டு, அதை மறக்கக் கூடாது.) பின்பக்கம் ஒரு மாடி மட்டும் கொண்ட எக்ஸ்டென்ஷன், ஒட்டு வீட்டுக்கு மூன்று மீற்றர், தனி வீட்டுக்கு நாலு மீற்றர் வரை, உயரம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விண்ணப்பம் இல்லாமலே கட்டலாம். பயந்து உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கேட்டே தீர வேண்டியவையும் உண்டு. வீட்டின் பக்கவாட்டில் நீட்டுவது, பின்பக்கம் இரண்டு மாடியாக எழுப்புவது, கூரையை உயர்த்தி லொஃப்டில் அறை தள்ளுவது, செங்கல் முகத்தின் மேல் பூச்சோ ஓடோ பலகையோ போர்த்துவது, தெருவிலிருந்து தெரியும்படி சுவரிலோ கூரையிலோ டிஷ் பூட்டுவது. மற்ற இடங்களில் இவற்றில் பலவற்றுக்கு அனுமதி தானாகவே கிடைத்துவிடும், இங்கே கிடைக்காது. கார் விடுவதற்காக முன்தோட்டத்தை நீர் இறங்காத சீமெந்தால் மூடுவது ஐந்து சதுர மீற்றருக்கு மேற்பட்டால் இங்கிலாந்தில் எங்கேயும் பொதுவாகக் கேட்க வேண்டும். மரம் வெட்டுவதிலும் கவனம் வேண்டும். ஒன்றரை மீற்றர் உயரத்தில் தண்டின் குறுக்களவு 75 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால், வெட்டவோ கிளை கழிக்கவோ ஆறு வாரத்துக்கு முன் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். 75 மில்லிமீற்றர் என்பது கைம்மணிக்கட்டை விடச் சற்றுப் பருமன், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மேலே ‘ஆர்ட்டிக்கிள் 4’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு பகுதி முழுவதற்குமோ அதற்குள் சில தெருக்களுக்கு மட்டுமோ கவுன்சில் இதைப் பிறப்பிக்கும். பிறப்பித்தால், சாதாரணமாகக் கேட்காமலே செய்யக்கூடிய யன்னல் மாற்றம், கதவு மாற்றம், தாழ்ந்த முன்மதிலை எடுத்தல் போன்றவற்றுக்கும் விண்ணப்பம் வேண்டும். பக்கத்துத் தெருவில் அண்ணன் செய்தாரே என்று தம்பி செய்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அப்படி நேர்ந்தது. முன்பக்கத்து மர யன்னல்கள் குளிர்காலத்தில் காற்றை உள்ளே விட்டன. கணவன் இரவு வேலை, மனைவிக்கு மூட்டு வலி. ஒரு பில்டர் வந்து பார்த்தார். “அண்ணை, இதுக்கு ஒண்டும் கேக்கத் தேவையில்லை, எல்லாரும் மாத்தினம்” என்றார். வெள்ளைப் பிளாஸ்டிக் யன்னல்கள் பூட்டியாயிற்று. சில மாதத்தில் கவுன்சில் கடிதம் வந்தது. வேலை முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், விண்ணப்பித்தார்கள், மறுக்கப்பட்டது. மேன்முறையீடும் தோற்றது. பழையபடி மரத்தில் செய்து பூட்டு என்ற உத்தரவு மிஞ்சியது. அந்த உத்தரவை மீறினால் அது குற்றவியல் வழக்கு. பில்டர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடிதம் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வந்தது. வேலை செய்பவரிடம் வேலையைக் கேளுங்கள், சட்டத்தைக் கேட்காதீர்கள் என்று இளம் குடும்பங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த வீட்டுத் தங்கச்சி என் முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகுதான். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் பகுதியா இல்லையா, ஆர்ட்டிக்கிள் 4 உண்டா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கொஞ்சக் கட்டணம் கட்டினால் விண்ணப்பத்துக்கு முன்னமே அதிகாரியின் ஆலோசனையும் கிடைக்கும்.

நாலு வருடம் ஒளித்து வைத்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று நம்மவர்களிடம் ஒரு கதை இன்னும் உலாவுகிறது. 2024 ஏப்ரல் 25இலிருந்து அந்தக் காலம் பத்து ஆண்டு. பத்து ஆண்டு கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டு வாழ்வது என்ன வாழ்க்கை?

அந்த யன்னல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலும் கீழும் வழுக்கும் அந்தப் பழைய சாஷ் யன்னல்களின் மரம் பெரும்பாலும் மெல்ல வளர்ந்த பைன். வளையங்கள் நெருக்கமாக இருக்கும், எளிதில் உளுத்துப் போகாது. உள்ளே பெட்டிக்குள் இரும்புப் பாரம் கயிற்றில் தொங்கி, கண்ணாடியின் எடையைச் சமன் செய்யும். கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றலாம், அடிக்கட்டை உக்கினால் அதை மட்டும் வெட்டிப் புதுக்கட்டை பொருத்தலாம். பிளாஸ்டிக் யன்னல் பழுதானால் முழுவதையும் கழற்றி எறிவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. காற்று புகும் இடுக்குகளை அடைத்து, உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடித் தட்டு பொருத்தினால் குளிர் வெகுவாகக் குறையும், தெருச்சத்தமும் குறையும். அது உள்வேலை என்பதால் அனுமதியும் வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்துக்கு இதை ஆரும் முன்னமே சொல்லவில்லை.

சுவரும் அப்படித்தான். முதலாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகளின் செங்கல்லைப் பிணைத்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. மழையில் நனைந்த சுவர் அந்தச் சாந்து வழியாக மூச்சு விட்டு உலரும். உதிர்ந்த இடத்தில் கடினமான சீமெந்தை அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கும், உறைபனியில் செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். யாழ்ப்பாணத்து மூத்தவர்களுக்கு இது விளங்கும். நிலத்தடியில் சுண்ணக்கல் கிடக்கும் ஊர் நம்முடையது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய நாற்சார் வீடுகளின் சுவர் சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்து கிடந்ததைத் தொட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வீடுகளில் எத்தனை இன்று இருக்கின்றன? வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் எழும்பிப் போனவர்களில் பலர், இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்டுத் திரும்பியபோது அத்திவாரம்கூடத் தெரியாத வளவுகளைத்தான் கண்டார்கள். எதைக் காக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்காத காலத்தை வாழ்ந்து வந்திருக்கிறோம். அதனால்தான், ஒரு செங்கல் வரிசையை மாற்றுமுன் ஊரைக் கேள் என்று ஒரு சட்டம் சொல்லும்போது எனக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை.

அயலவர் விஷயத்துக்கு வருகிறேன், மனிதர்கள் உடைவது இங்கேதான். விண்ணப்பம் போனதும் தெருவில் ஓர் அறிவித்தல் ஒட்டுவார்கள், உள்ளூர்ப் பத்திரிகையிலும் போடுவார்கள். இருபத்தொரு நாள், ஆரும் கருத்து எழுதலாம். எழுதியது எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். சிரித்துப் பேசிய முன்வீட்டுக்காரர் எதிர்த்து எழுதியிருப்பதை வாசித்ததும் நம்மவர்களுக்கு நெஞ்சு சுருங்கிவிடுகிறது. நாங்கள் வந்தேறிகள் என்பதால்தான் எழுதினான் என்பார்கள். சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதிகாரி எடைபோடக் கூடியவை வெளிச்சம் மறைகிறதா, அந்தரங்கம் கெடுகிறதா, வடிவம் தெருவுக்குப் பொருந்துகிறதா என்பவை போன்றவைதான். விண்ணப்பித்தவர் யார், எங்கிருந்து வந்தவர் என்பதற்கோ, தன் வீட்டின் விலை குறையும் என்ற முறைப்பாட்டுக்கோ அங்கே இடமில்லை. ஆகவே மனம் நோகாமல் கடிதத்துக்குள் இருக்கும் காரணத்தைத் தேடுங்கள். காரணம் இருந்தால் வரைபடத்தால் பதில் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது, அறிவித்தல் ஒட்டப்படுமுன் நீங்களே கதவைத் தட்டுவது. ஒரு மாமி அப்படித்தான் செய்தார். வரைபடத்தை ஒரு கையிலும் வடைத் தட்டை மறுகையிலும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போனார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு வராது, பேத்தி கூடப் போனாள். ஒரு பக்கத்துக் கிழவிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: தன் குசினி யன்னலுக்கு வரும் காலை வெளிச்சம். எக்ஸ்டென்ஷனின் கூரையை அந்தப் பக்கம் சரிவாக இறக்கினார்கள். ஒருவரும் எதிர்த்து எழுதவில்லை. ஊரில் வேலி அடைக்கும் காலத்தில் அரையடி நிலத்துக்காகக் கோடேறி, வழக்கு முடியுமுன் வாதியும் பிரதிவாதியும் செத்துப்போன கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த மாமியின் வடைத் தட்டு பெரிய ஞானமாகப் பட்டது. பொதுச்சுவரைத் தொடும் வேலைக்கு 1996இன் தனிச் சட்டம் ஒன்று இரண்டு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. அந்தக் கடிதம் பகையாளி அனுப்பும் நோட்டீஸ் போல வாசலில் விழாமல், பேசி முடித்த பேச்சின் எழுத்தாகப் போகட்டும்.

சட்டத்தில் எனக்குக் குறையும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. மர யன்னல் பிளாஸ்டிக்கை விடக் கனக்க விலை. பழைமையைக் காக்கச் சொல்கிற சமூகம், மேலதிகச் செலவைக் காக்கிறவரின் தலையில் மட்டும் போடுகிறது. டொட்டர்டவுன் போன்ற இடங்களில் குடியிருப்பவர்களுக்கு அது சின்னச் சுமை இல்லை. குளிரில் நடுங்கும் முதியவரின் உடம்பும் தெருவின் அழகும் ஒரே தராசில் வரும்போது, உடம்புக்குத்தான் கூடுதல் எடை என்று நான் உரக்கச் சொல்வேன். விண்ணப்பத்திலும் அதை எழுதுங்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப்பாதை, கீழே குளியலறை என்று தேவை இருந்தால் மறைக்காமல், மருத்துவர் கடிதத்தோடு முன்வையுங்கள். வீட்டில் இருப்பவரின் நிலையையும் அதிகாரி கணக்கில் எடுக்கலாம், ஆனால் எழுதாத ஒன்றை அவரால் எடைபோட முடியாது. இன்னொன்றும் கேட்கிறேன். பகுதியின் தன்மையைப் பற்றிக் கவுன்சில் அறிக்கை தயாரிக்கும்போது ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும், கூட்டமும் வைக்கும். அந்தக் கூட்டங்களில் நம் முகம் ஏன் இல்லை? தெருவின் நினைவு என்று எழுதப்படுவதில், இந்தத் தெருவில் பிள்ளை பெற்று வளர்த்து, தேர்த்திருவிழாவுக்கு இதே நடைபாதையில் நின்ற நம் காலமும் ஓர் அத்தியாயம். போய் உட்காருங்கள், எழுந்து பேசுங்கள்.

விண்ணப்பத்தின் முடிவு எட்டு வாரத்தில் வர வேண்டும், இழுபட்டாலும் பொறுமையாக இருங்கள். மறுப்பு வந்தால் கடிதத்தில் காரணம் இருக்கும். பெரும்பாலும் முழு வீட்டையும் மறுத்திருக்கமாட்டார்கள், கூரையின் ஒரு கோணத்தையோ ஒரு யன்னலின் அளவையோதான் சொல்லியிருப்பார்கள். திருத்தித் திரும்பப் போடலாம். முடிவே பிழை என்று பட்டால் பன்னிரண்டு வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கவுன்சிலுக்கு வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

அனுமதி கிடைத்ததும் கொண்டாடுமுன் அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். செங்கல்லின் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெறாமல் வேலை தொடங்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். மூன்று ஆண்டுக்குள் தொடங்காவிட்டால் அனுமதி பொதுவாகக் காலாவதியாகிவிடும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் ஒரு பிரதியைப் பில்டரிடம் கொடுத்து, இதில் இருப்பதைத்தான் கட்ட வேண்டும் என்று அவர் முகத்துக்கு முன்னால் சொல்லுங்கள். மற்றப் பிரதியையும் அனுமதிக் கடிதத்தையும் வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் அந்த வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.